அஞ்சு மணங்கு, மூணு வீசை

கிருஷ்ணகிரிப் புளி மண்டியில் மூட்டை தூக்கிய திம்மப்பன், காசுக்கு பாக்ஸிங் ஆடிய வருஷங்களில் எத்தனை பேரைச் சாய்த்தான் என்று கேட்டால் அவனுக்கே கணக்குத் தெரியாது. எத்தனை தடவை தோற்றான் என்று கேளுங்கள், மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கும் பொம்பளைகள்கூடத் தலையை நிமிர்த்தாமல் சொல்லிவிடுவார்கள். ரெண்டு தடவை. ரெண்டும் ஒரே ஆளிடம். ஊர் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் போதும், வெற்றிலை இல்லாமலே வாய் சிவந்துவிடும். அவன் ஜெயித்ததை எல்லாம் சௌகரியமாக மறந்துவிட்டு, "தோத்த திம்மன்" என்று பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொன்ன வாய்களில் ஒன்றாவது ஒரு குத்து வாங்கிப் பார்த்திருக்குமா? அதுதான் இல்லை.

அவன் பிறந்தது நாகரசம்பட்டியில். அப்பன் அடுத்தவர் மாந்தோப்பில் கூலி. யுத்த காலத்தில் வயதைக் கூட்டிச் சொல்லி பெங்களூரில் பட்டாளத்தில் சேர்ந்தான். சோறு கிடைக்கும் என்றுதான் போனான், கூடவே குத்தும் கிடைத்தது. சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டியவனைக் கூப்பிட்டு, கையில் க்ளவுஸை மாட்டி, "அவனை அடி" என்றார்கள். அடித்தான். அடிபட்டவன் எழுந்திருக்க நேரமாயிற்று. அன்றிலிருந்து மாவு பிசையும் வேலை போயிற்று, பாக்ஸிங் வேலை வந்தது. அப்போது எலும்பும் தோலுமாக இருந்தான். அந்த எடைக்கு ஃப்ளை வெயிட் என்று பேர்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், டி குரூஸ் என்கிற ஆள் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, பாக்ஸிங் நடத்துகிறவர். அவருக்கு இவன் கைகள் ஞாபகம் இருந்தன. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஆறு நாள் மண்டியில் மூட்டை, ஏழாவது நாள் ஓசூர் வழியாக பஸ் பிடித்து பெங்களூரில் குத்து. திம்மப்பனின் வாழ்க்கை இப்படித்தான் ரெண்டு மாகாணத்துக்கும் நடுவில் ஓடியது.

ராயக்கோட்டை மாரம்மாவைக் கட்டிய பிறகு அவன் எடை ஏற ஆரம்பித்தது. அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மாரம்மா கிண்டுகிற கேழ்வரகுக் களி ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு இருக்கும். அவரைக்கொட்டைக் குழம்போ, கொள்ளுச் சாறோ ஊற்றி அதை அவன் முன்னால் வைத்துவிட்டு, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். பகலெல்லாம் மூட்டை தூக்குகிற உடம்பு அதை அப்படியே சதையாக மாற்றிக்கொண்டது. ஃப்ளையில் இருந்தவன் பாண்டம் வெயிட்டுக்குப் போனான். அங்கே இருந்தவர்களை எல்லாம் அடித்து முடித்துவிட்டு ஃபெதருக்குப் போனான். இந்தப் பேர்களுக்கு என்ன அர்த்தம் என்று மாரம்மா ஒரு நாள் கேட்டு வைத்தாள்.

"மொதல்ல ஈ. அப்பறம் சேவல். அதுக்கு மேல றெக்கை" என்றான்.

"சேவல விட றெக்கை எடை ஜாஸ்தியா? இது எந்த ஊரு தராசுங்க?" என்றாள் அவள். "எங்க அண்ணன்கிட்டச் சொன்னா சிரிப்பாரு."

அவள் அண்ணன் முனிவேல், மண்டியில் எடைக்காரன். திம்மப்பனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். உத்தரத்தில் தொங்கும் பெரிய தராசின் பக்கத்தில் நின்று, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று, ஒன்றுக்கு லாபம் என்று மங்களமாகத் தொடங்கி, ராகம் போட்டு எடை சொல்வான். அவன் சொன்னது சொன்னதுதான். விற்கிறவனும் வாங்குகிறவனும் அடித்துக்கொள்வார்கள், முனிவேலின் எடைக்கு மட்டும் யாரும் மறு பேச்சு பேச மாட்டார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

இனி அந்த ரெண்டு தோல்விக்கு வருவோம்.

ஸ்டானிஸ்லாவ் என்று ஒருத்தன். யுத்தத்தில் ஊரும் வீடும் பறிபோய், கப்பலிலும் ரயிலிலும் அடித்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த போலந்துக்காரர்களில் ஒருவன். வந்தபோது மீசை முளைக்காத பையன். கூட வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொரு தேசமாகப் போய்விட, இவன் மட்டும் பெங்களூரில் ஒரு மோட்டார் ஷெட்டில் ஒட்டிக்கொண்டான். ஷெட்டில் எல்லாரும் தமிழ் ஆட்கள். அவர்களோடு பழகி, அவனும் தண்டுத் தமிழில் வெளுத்து வாங்குவான். அவன் முழுப்பேரைச் சொல்ல யாருக்குப் பொறுமை? நோட்டீஸிலேயே "போலந்து" என்றுதான் அச்சடித்தார்கள். நெட்டை ஆள், நீளக் கை. அந்த இடது கையை நீட்டினால் கதவைச் சாத்தின மாதிரி, உள்ளே போக முடியாது.

பாண்டம் எடையில் முதல் தடவை திம்மப்பன் அவனோடு மோதினான். கடைசி ரவுண்டுவரை நின்று பாயிண்டில் தோற்றான். "போனாப் போவுது" என்று விட்டுவிட்டான். ரெண்டாவது தடவை ஃபெதர் எடையில். அன்றைக்குத் திம்மப்பன் கோபத்தோடு போனான். கோபத்தோடு போனால் என்ன ஆகும்? நடுவில் வாங்கிய ஒரு குத்தில் மல்லாந்து விழுந்தான். ரெப்ரி எண்ணி முடித்தபோது ஒரு முழங்காலை ஊன்றியிருந்தான், அவ்வளவுதான். மண்டியிலிருந்து லாரி ஏறி வந்து வேடிக்கை பார்த்த ஒரு கும்பல் அந்தக் காட்சியைக் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போனது. மறுநாள் காலையிலேயே மண்டி முதலாளி சென்னகிருஷ்ணன், "என்னாடா தோத்த திம்மா, முதுவுல மண்ணு ஒட்டிருக்குதா பாரு" என்று ஆரம்பித்துவைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் போலந்து லைட் வெயிட்டுக்கு ஏறினான், திம்மப்பனும் பின்னாலேயே ஏறினான். அதற்குள் போலந்து அதற்கும் மேல் எடையான வெல்டருக்குப் போய்விட்டான். இவன் ஒரு படி வைத்தால் அவன் அடுத்த படியில் நின்றான். நடுவில் திம்மப்பன் லைட் வெயிட்டில் ஒருத்தனையும் விட்டுவைக்கவில்லை. கோலார் தங்கவயலில் போய் ஜெயித்தான், சேலத்தில் ஜெயித்தான், மெட்ராஸில் அந்த ஊர்க்காரனை அவன் ஊரிலேயே ஜெயித்தான். மனசு நிறைந்து திரும்பி வந்தால் மண்டியில் ஒரே கேள்வி: "அதெல்லாம் இருக்கட்டும், போலந்த அடிச்சியா?"

இதைத் திம்மப்பன் தாங்கிக்கொண்டிருப்பான். மாரம்மாவுக்கும் அது வந்து சேர்ந்ததுதான் அவனால் தாங்க முடியவில்லை. தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றவளை ஒருத்தி, "தோத்தவன் பொண்டாட்டி, கொஞ்சம் தள்ளு" என்றாள். மாரம்மா அவளுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள், அவள் வாயும் சின்ன வாயல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். திம்மப்பன் பக்கத்தில் போனான்.

"நீங்க எத்தினி பேர அடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "எனக்கு மட்டும் தெரிஞ்சு என்னா பண்றது?"

அன்றைக்குத்தான் திம்மப்பன் முடிவு செய்தான். எந்த எடையில் இருந்தாலும் சரி, அந்த ஆளை ஒரு தடவை ஜெயித்தாக வேண்டும்.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், டி குரூஸிடமிருந்து தகவல் வந்தது. போலந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிறான். அங்கே அவனுடைய சித்தப்பா ஒருத்தர் உயிரோடு இருப்பது தெரியவந்து, கப்பலுக்குச் சீட்டும் வந்துவிட்டது. போனால் போனதுதான். திம்மப்பன் அன்றே பஸ் ஏறி பெங்களூர் போய், போலந்தின் மோட்டார் ஷெட்டிலேயே டி குரூஸின் முன்னால் நின்றான்.

"அவன் வெல்டர் மேன், நீ லைட்" என்றார் டி குரூஸ். "ஆட்டையும் மாட்டையும் ஜோடி சேத்தா ஜனங்க என்னை ஒதைப்பாங்க."

ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த போலந்து தலையை வெளியே நீட்டினான். "நான் எறங்கறேன்" என்றான். "லைட் வெயிட்டுக்கு எறங்கி வர்றேன். ஆனா ஒண்ணு. இதுக்காக நான் பட்டினி கெடக்கணும். நான் பட்டினி கெடந்து வந்து நிக்கும்போது, நீ ஒரு அவுன்ஸ் கூட இருந்தாலும் நான் ரிங்ல ஏற மாட்டேன். மூணாவது தடவையும் நான் ஜெயிச்சதா நோட்டீஸ் ஒட்டுவாங்க. சம்மதமா?"

நியாயமான பேச்சு. திம்மப்பன் சம்மதித்தான்.

அதுவரை அவனுக்கு எடை ஒரு கவலையே இல்லை. எந்த வெயிட்டிலும் வரம்புக்குக் கீழேதான் இருப்பான். இப்போதுதான் களியும் மூட்டையும் சேர்ந்து அவனை லைட் வெயிட்டின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. ஊரில் ஆள் நிறுக்கிற மெஷின் ஆஸ்பத்திரியில் ஒன்று உண்டு, அதில் ஏறப் போனால் வியாதியா என்று கேட்பார்கள். "நான் இருக்கறப்ப மெஷின் எதுக்குடா?" என்றான் முனிவேல். டி குரூஸ் சொன்ன ஸ்டோனையும் பவுண்டையும் வீசையாக்கி, மணங்காக்கி, வீசை சுமார் மூணு பவுண்டு, எட்டு வீசை ஒரு மணங்கு, ஆக அஞ்சு மணங்கு மூணு வீசைதான் வரம்பு என்று கணக்குப் போட்டான். சரியான கணக்குத்தான், அதில் பழுது இல்லை.

தினமும் மண்டி திறக்கும் முன்னால் தராசில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, திம்மப்பனை அதற்குள் உட்கார வைப்பான். எதிர்த் தட்டில் படிக்கல்லை ஏற்றுவான். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகம் தொடங்கும். மாரம்மா களியைப் பாதியாக்கினாள், பிறகு அதிலும் பாதியாக்கினாள். அவன் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலையில் போலுப்பள்ளி வரைக்கும் ஓடுவான், பகலில் மூட்டை, சாயங்காலம் மணல் நிரப்பிய சாக்கைத் தொங்கவிட்டுக் குத்துவான். கடைசி நாளில் முனிவேல் கல்லை எல்லாம் ஏற்றி இறக்கி, முள் நடுவில் நின்றதும், கோயிலில் மணி அடித்த மாதிரி சத்தமாகச் சொன்னான்: "அஞ்சு மணங்கு, மூணு வீசை! கிளம்பு மாப்ள!"

பெங்களூரில் மத்தியானம் எடை, சாயங்காலம் பாக்ஸிங். மோட்டார் ஷெட்டில் வைத்திருந்த எடை மெஷினில் முதலில் போலந்து ஏறினான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. முள் வரம்புக் கோட்டில் சரியாக நின்றது. அடுத்துத் திம்மப்பன் ஏறினான். டி குரூஸ் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டரை பவுண்டு ஜாஸ்தி மேன்."

"இருக்காது!" என்று பாய்ந்தான் முனிவேல். "உங்க மெஷின் பொய் சொல்லுது சார். நான் நிறுத்தன். சாக்குல உக்கார வெச்சி, என் கையால..."

அப்படியே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு ரெண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ! கழிவு போட்டுட்டன்டா! சாக்குக் கழிவு!"

விஷயம் இதுதான். புளி மண்டியில் மூட்டையை நிறுத்தால், சாக்கின் எடைக்கும் புளியின் ஈரத்துக்குமாக ஒரு வீசையைத் தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் வாய்விட்டுச் சொல்வார்கள். அதற்குக் கழிவு என்று பேர். காலம் காலமாக அப்படியே சொல்லிப் பழகிய நாக்கு. சாக்கைக் கண்டதும் அதுவாக ஒரு வீசையைத் தள்ளிவிட்டது. உள்ளே இருந்தது புளியா, தங்கச்சி புருஷனா என்று நாக்கு பார்க்குமா? தினமும் ஒரு வீசையை விழுங்கிவிட்டு, தினமும் சந்தோஷமாக ராகம் பாடியிருக்கிறான் மனிதன்.

திம்மப்பன் மெஷினிலிருந்து இறங்கினான். க்ளவுஸ் இல்லாமல் ஒருத்தனை அடிக்க வேண்டும் என்று அவனுக்கு வாழ்க்கையில் அன்றைக்குத்தான் தோன்றியது. "மச்சான்" என்றான். "நான் என்னா புளி மூட்டையா?"

முனிவேல் அழ ஆரம்பித்துவிட்டான்.

சட்டப்படி ஒரு மணி நேரம் அவகாசம் உண்டு. டி குரூஸ் கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதைப் பார்த்ததும் திம்மப்பனுக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. குழாயடியில் நின்ற மாரம்மாவின் முகம்தான் கண்ணில் நின்றது. தாங்கள் வந்த மண்டி லாரியிலிருந்து சாக்குகளை இழுத்துவந்து உடம்பில் சுற்றினான், மேலே கம்பளியைச் சுற்றினான், வெயிலில் ஓட ஆரம்பித்தான். மோட்டார் ஷெட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான். முனிவேலும் கூடவே ஓடினான். அவன் எதற்கு ஓடுகிறான் என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. திம்மப்பன் ஓடி நின்றதும் கயிறு தாண்டினான், மறுபடி ஓடினான். வேர்வை சாக்கை நனைத்து மண்ணில் சொட்டியது. போலந்து வாசலில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நேரம் முடியப் போகும்போது திம்மப்பன் மறுபடி மெஷினில் ஏறினான். முள் இறங்கியிருந்தது. ஆனால் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலேயே நின்றது. டவுசரையும் கழற்றி எறிந்தான். இன்னும் கொஞ்சம். உடம்பில் மிச்சம் இருந்தது இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் ஒன்றுதான். கல்யாணத்தில் மாமியார் வீட்டில் போட்டது, நல்ல கனம்.

"அதை அவுரு மேன்" என்றார் டி குரூஸ்.

"கூடாது சார்!" என்றான் முனிவேல். "அரைஞாண அவுக்கறது செத்தவனுக்குத்தான். என் தங்கச்சி தாலி சார் அது!"

திம்மப்பன் கை இடுப்புக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. எத்தனையோ பேர் குத்துக்கு நடுவில் கண்ணை மூடாமல் நின்றவன், இதற்குப் பயந்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அவன் இடத்தில் இந்த ஜில்லாவில் யார் நின்றாலும் பயந்திருப்பார்கள். கழற்றினால் மாரம்மாவுக்கு என்ன ஆகுமோ, கழற்றாமல் போனால் அவள் என்ன ஆவாளோ. டி குரூஸ் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் முனிவேலுக்கு மூளை வேலை செய்தது. கீழே கிடந்த சாக்கின் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு சணல் நூலை உருவினான். குலசாமி பேரைச் சொல்லி அதைத் திம்மப்பனின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். அதற்குப் பிறகுதான் வெள்ளியின் கொக்கியைக் கழற்றினான். ஒரு கணம்கூட இடுப்பு வெறுமையாக இல்லை, சாஸ்திரத்துக்குக் குறை இல்லை. "ஏறு மாப்ள, இப்ப ஏறு!"

முள் ஆடியது, கோட்டில் வந்து நின்றது.

போலந்து தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான். ரிங்கில் ஏறாமலே ஜெயித்திருக்க வேண்டியவன், முகத்தில் ஏமாற்றமே இல்லை. "அப்பாடா" என்றான். "இனிமே ரெண்டு பேரும் சாப்பிடலாமா?"

சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டையிலிருந்து ஆட்கள் லாரி லாரியாக வந்து இறங்கியிருந்தார்கள். முதலாளி சென்னகிருஷ்ணன் முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் "ஹொடி! ஹொடி!" என்று கன்னடத்தில் கத்தினார்கள், ஒரு பக்கம் "கொட்டு ரா!" என்று தெலுங்கில் கத்தினார்கள். நம் ஆட்கள் தமிழில் கத்தியதை இங்கே எழுத முடியாது.

முதல் ரவுண்டுகளில் பழைய கதைதான். அந்த இடது கை நீண்டுகொண்டே இருந்தது. திம்மப்பன் உள்ளே நுழையப் பார்க்கும்போதெல்லாம் மூக்கில் ஒன்று விழுந்தது. நாலாவதில் புருவம் கிழிந்தது. "அவ்ளோதான், மூணாவது தடவ" என்று சென்னகிருஷ்ணன் சொன்னது அவன் காதில் விழுந்தது. முன்பு மாதிரி கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மத்தியானம் ஓடிய ஓட்டத்தில் கோபமும் வேர்வையோடு போய்விட்டதோ என்னவோ. ஒன்றை மட்டும் கவனித்தான். கை நீளமானவன், கையை நீட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு கணம் பிடிக்கிறது.

ஆறாவது ரவுண்டில் அந்தக் கை நீண்டதும் இவன் பின்வாங்கவில்லை. முழங்காலை மடக்கி அதற்கு அடியில் உட்கார்ந்தான். மண்டியில் மூட்டைக்குக் கீழே தோள் கொடுக்கிறவன் எப்படி உட்காருவானோ அப்படி. அங்கிருந்து கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து எழுந்தது. எத்தனையோ வருஷம் புளியை ஏற்றிய எழுச்சி அது. குத்து விலாவுக்குக் கீழே இறங்கியது. போலந்து "ஹக்" என்றான். முகம் வெளுத்து, ஒரு முழங்காலில் இறங்கினான். ரெப்ரி எண்ணினார். எட்டு என்று சொல்லும்போது எழுந்து நின்றான். நல்ல ஆண்பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை.

அதற்கு மேல் அந்தக் கை நீளவில்லை. ரெண்டு பேரும் பட்டினி கிடந்தவர்கள், ரெண்டு பேரும் வற்றிப்போனவர்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் சலுகை காட்டவில்லை. கடைசி ரவுண்டில் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். மணி அடித்தபோது யார் யாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. ரெப்ரி நடுவில் வந்தார். திம்மப்பனின் கையைத் தூக்கினார்.

முனிவேல் கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். சென்னகிருஷ்ணன் நாற்காலி மேலே ஏறி நின்றார். "எங்க மண்டி ஆளு! எங்க மண்டி ஆளு!" என்று கத்தினார். இதற்கு முன்னால் யார் ஆளாக இருந்தானாம்? கேட்கலாம்தான், ஆனால் அன்றைக்குக் கேட்க வேண்டாம். திம்மப்பன் அழுதான். வலியில் அல்ல. பெருமை தாங்காமல் அழுதான், அதை மறைக்கவும் இல்லை.

வீட்டில் மாரம்மா அவன் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். கண் ஒன்று மூடியிருந்தது, உதடு வீங்கியிருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அப்புறம் இடுப்பைப் பார்த்தாள். சணல் நூலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். முனிவேல் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வாங்கிய திட்டு, போலந்து வாங்கிய குத்தைவிட அதிகம். திட்டி முடித்துவிட்டு அவளே வெள்ளியைப் பூட்டிவிட்டாள், ரெண்டு பேருக்கும் தலை அளவுக் களியை வைத்தாள். மறுநாள் குழாயடிக்கு அவள் குடத்தோடு போன நடையை அந்தத் தெரு வெகு நாள் பேசிக்கொண்டிருந்தது.

தோத்த திம்மன் என்ற பேர் அன்றோடு செத்தது. ஆனால் நம் ஊர் சும்மா இருக்குமா? பேர் வைக்காமல் ஒருத்தனை விட்டுவிட்டால் அதற்குச் சோறு இறங்காது. "போலந்த அடிச்ச திம்மன்" என்று ஆரம்பித்தார்கள். அது நீளமாக இருந்ததால் "போலந்து திம்மன்" ஆக்கினார்கள். பத்து நாளில் திம்மனும் போய்விட்டான். மூட்டை ஏற்ற வேண்டுமா, "ஏ போலந்து!" டீ வந்துவிட்டதா, "போலந்து, வாடா!" திம்மப்பனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கஷ்டப்பட்டு ஜெயித்தது நான், பேர் மட்டும் அவனுக்கா? "என் பேர் திம்மப்பன். இன்னொரு தடவ போலந்துன்னு சொன்னா வாய ஒடச்சிருவன்" என்று ரெண்டு மூன்று பேரை மிரட்டியும் பார்த்தான். அதனால் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

ஸ்டானிஸ்லாவ் ஊரை விட்டுக் கிளம்புகிற நாளில் திம்மப்பன் பெங்களூர் ஸ்டேஷனுக்குப் போனான். மாரம்மா கட்டிக்கொடுத்த புளியுருண்டைப் பொட்டலம் கையில் இருந்தது. பம்பாய்க்குப் போய் அங்கே கப்பல் ஏற வேண்டும். வழியனுப்ப ஷெட்டு ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவனுக்கு ஒரே ஒரு பெட்டி. திம்மப்பன் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தன் கஷ்டத்தைத்தான் சொன்னான்.

"உன்னால எனக்குத் தலைவலிப்பா. ஊருல எல்லாரும் என்னையப் போலந்துன்னு கூப்பிடறாங்க."

ஸ்டானிஸ்லாவ் சிரிப்பான் என்று நினைத்தான். அவன் சிரிக்கவில்லை.

"நெஜமாவா?" என்றான்.

"நெஜமாத்தான். என்னா சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க."

அவன் பெட்டியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டான். "சித்தப்பாவத் தவிர எங்க வீட்டுல ஒருத்தரும் இப்ப இல்ல. ஊரு இருக்குதான்னே எனக்குத் தெரியாது" என்றான். "ஆனா இங்க எல்லாரும் என்னைப் போலந்து, போலந்துன்னு கூப்பிட்டாங்க. என் பேரச் சொல்ல வரலியேன்னு மொதல்ல கோவம் வந்துது. அப்பறம் அதக் கேக்கத்தான் இந்த ஊருல இருந்தேன்னு நெனைக்கறேன். அங்க போனா நான் வெறும் ஸ்டான்." திம்மப்பன் பக்கம் திரும்பினான். "உன்னை தெனமும் கூப்பிடறாங்களா?"

"தெனமும்."

"சத்தமாவா?"

"மண்டியே அதிரும்."

"அப்ப சரி" என்றான் ஸ்டானிஸ்லாவ். கண்ணைத் துடைத்துக்கொள்ள முகத்தைத் திருப்பினான். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் மண்டியில் ஒரு லாரி வந்து நின்றது. சென்னகிருஷ்ணன் திண்டில் சாய்ந்தபடியே குரல் கொடுத்தார்: "ஏ போலந்து! எங்கடா போன?"

தலைச்சுமையோடு நின்ற மூட்டைக்காரர்கள், திம்மப்பன் கத்தப் போகிறான் என்று சிரிப்போடு காத்திருந்தார்கள். அவன் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி முதலாளியின் முன்னால் போய் நின்றான்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க முதலாளி" என்றான். "இன்னும் கொஞ்சம் சத்தமா."